மாமா தோண்டிய நீச்சல் குளம்

போன மாதம் நீர்கொழும்பு ஹோட்டலில் நம் வகுப்புக்காரிகள் எல்லோரும் கூடினோமே, அன்று நரைக்குச் சாயம் பூசும் வயதில் நீங்கள் அத்தனை பேரும் நீச்சல் குளத்துக்குள் விழுந்து கும்மாளம் போட்டீர்கள். நான் மட்டும் கரையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து உங்கள் செருப்புகளுக்கும் போன்களுக்கும் காவல் இருந்தேன். "ஏனடி, வெள்ளவத்தையில கடலுக்குப் பக்கத்தில வளர்ந்தனி, காலைக்கூட நனைக்க மாட்டியோ?" என்று ஒருத்தி கேட்டாள். தலையிடி என்றேன். தலையிடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம். கழுத்தளவுத் தண்ணீரில் நான் இன்றைக்கும் இறங்கமாட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு காலத்தில் நீச்சல் குளம் கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? கட்டினார்கள் என்பதுகூடச் சரியில்லை. கட்டத் தொடங்கினார்கள். உங்களில் யாரையும் அந்த நாட்களில் நான் வீட்டுக்குக் கூப்பிடாததற்குக் காரணம் அதுதான். நீங்கள் எல்லாம் எனக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

அப்பாவுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது எனக்கு மூன்று வயது. அகதி முகாமில் இருந்த எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம். கடல் கொந்தளித்ததாம். மேல்தட்டில் ஒரு கையில் என்னையும் மறுகையில் வயிற்றுப்பிள்ளைக்காரியான அம்மாவையும் பிடித்துக்கொண்டு, இந்தக் கப்பல் கவிழ்ந்தால் யாரை விடுவது என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே போனாராம். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஆட்டம் அடங்கித் திரும்பி வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. "திருப்பியும் ஏத்துவாங்கள்," என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. அம்மா உடனே தம்பியின் காதைப் பொத்துவாள்.

கடலில் பழக்கலாம் என்றால் ரயில் பாதைக்கு அப்பால் பாறையும் சுழியும். கிளப்புகளில் எங்களை யார் சேர்க்கப்போகிறார்கள்? ஆகவே அப்பா தானே கட்டுவது என்று முடிவு செய்தார். அவர் ஒரு கம்பனியில் கட்டடங்களுக்குப் படம் வரைபவர். தாளில் எது நேராக நின்றாலும் நிலத்திலும் அது நேராக நிற்கும் என்று நம்புகிற மனிதர்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் அம்மா. "குளிக்கக் கிணறு இருக்கு. இந்தக் காலத்திலை ஆராவது வளவுக்குள்ளை குளம் வெட்டுவினமோ?"

"குளிக்க இல்லையப்பா. நீந்த."

அதோடு பேச்சு முடிந்தது. அப்பா முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? நீல டைல் வாங்கியது. குழியே இல்லை, டைல் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். தம்பியும் நானும் கட்டிலடியில் ஊர்ந்து போய், மட்டைப் பெட்டியில் விரலால் ஓட்டை போட்டு, உள்ளே இருந்த நீலத்தைத் தடவிப் பார்ப்போம். பகல் வெக்கையிலும் அது குளிர்ந்திருக்கும். பிறகு பின்வளவில் நின்ற இரண்டு தென்னைகளையும் இடம் காணாது என்று வெட்டிச் சாய்த்தார்கள். குற்றிகள் மதில் ஓரமாகக் கிடந்தன. அப்பா நான்கு முளை அடித்து, நூல் கட்டி, நீள்சதுரம் ஒன்று போட்டார்.

மட்டக்குளியிலிருந்து இரண்டு பேர் தோண்ட வந்தார்கள். என் இடுப்பளவு தோண்டியிருப்பார்கள். பிறகு வழிநெடுகச் சோதனை கூடியது, பஸ்ஸில் இருந்து இறக்கி ஏற்றுகிறார்கள் என்று நின்றுவிட்டார்கள். குழியில் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகியது. அப்பா தினமும் வேலையால் வந்து, டையைக்கூடக் கழற்றாமல், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார், வெளிநாடு போக ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருக்கிறார், இருபத்திரண்டு வயது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் காலக் கொழும்பில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, புலி என்று பிடித்துப்போக அது போதும். உங்கள் வீடுகளிலும் அப்படி ஒருவர் அறைக்குள் இருந்திருப்பார். பொலிஸில் பதிந்தாகிவிட்டது, ஆனாலும் அம்மா அவரைப் படலைப் பக்கமே விடவில்லை. தெருவில் வாகனம் நின்ற சத்தம் கேட்டால் வீடு முழுக்க மூச்சுக் காட்டாது. சமையலறையில் அகப்பை அப்படியே நிற்கும். வாகனம் கிளம்பின பிறகுதான் அம்மா கறியைத் துழாவுவாள். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கறி எல்லாம் அடிப்பிடித்த கறிதான்.

"சும்மா இருக்க ஏலாது அக்கா, விசர் பிடிக்குது," என்று சொல்லி மாமா ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு மாமாவை அப்படிப் பிடிக்கும். மெலிந்த மனிதர், ஆனால் மண்வெட்டியைப் போட்டால் நிலம் தானாக விலகும். ஈர மணலின் வாசம், கிளறக் கிளறக் கடலின் வாசமாகவே மாறியது. எங்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு வெட்டுவார். கையில் கொப்புளம் போட்டு உடைந்து, அம்மா நல்லெண்ணெய் பூசிப் பழைய சீலைக்கிழிசலால் கட்டிவிட்டாள். அவர் அதோடும் வெட்டினார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தம்பியை ஒரு கக்கத்திலும் என்னை மறு கக்கத்திலும் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார். எங்கள் தலைகளைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொள்வார். அவருடைய நெஞ்சு அடிப்பது என் காதுக்குள் கேட்கும். தம்பிக்கு அது விளையாட்டு, கெக்கட்டம் விட்டுச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது கொழும்பு, ஹெலிகொப்டர் இங்கே ஒன்றும் போடாது என்று பத்து வயதுப் பிள்ளை நான் அவருக்குச் சொன்னேன். "ஓம் ஓம், தெரியும்," என்றார். அடுத்த முறையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அப்பா கம்பனி வேலையாகக் கண்டிக்குப் போய் ஒரு கிழமை நிற்க வேண்டி வந்தது. அந்தக் கிழமைதான் மழை பிடித்துக்கொண்டது. மணல் பக்கங்கள் பொலபொலவென்று இடிந்து விழுந்தன. அப்பா கட்டின நூல் எங்கேயோ புதைந்து போனது. அடியில் உவர்த்தண்ணீர் ஊறத் தொடங்கியது. அம்மாவுக்குத் தம்பியை நினைத்துப் பயம். அவனோ எந்த நேரமும் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறவன்.

"தம்பி, உந்தக் குழியை இடியாமல் பண்ணி, மேலாலை மூடி விடு. அத்தான் வந்து பாக்கட்டும்," என்று மாமாவிடம் சொன்னாள்.

மாமா மூடினார். பக்கங்கள் இடியாமல் தென்னங்குற்றிகளைப் பிளந்து வரிசையாக நிறுத்தினார். வீட்டில் இருந்த அரிசிச் சாக்குகளில் மணலை நிரப்பி அடுக்கினார். இறங்குவதற்கு ஓரமாகப் படி வெட்டினார். மேலே குற்றிகளைக் குறுக்கே போட்டு, தகரம் விரித்து, அதற்கு மேல் மண்மூட்டை. காற்றுக்கு ஒரு ஓட்டையும் விட்டார். அம்மா மேலே ஏறி நின்று காலால் உதைத்துப் பார்த்தாள். "நல்ல பலமாக் கிடக்கு," என்றாள் திருப்தியாக. அம்மா ஊரை விட்டுக் கன காலம். சண்டைக்காலத்து யாழ்ப்பாணத்தை அவள் கண்ணால் கண்டவள் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா கண்டியிலிருந்து வந்தார். பையோடு நேரே பின்வளவுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. தினமும் பத்திரிகை படிக்கிறவர், படங்களில் கண்டிருப்பார்.

"டேய் தம்பி," என்றார் மெல்ல. "இது என்னடா?"

"குழி, அத்தான்."

"குழி தெரியுது. இந்த வளைவு எதுக்கு?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். படியால் இறங்கினால் குழி நேராகப் போகவில்லை. முழங்கையை மடித்தது மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது.

"நேரா விட்டால் ஹெலி சுடுற சன்னம் உள்ளுக்கை வரும், அத்தான்," என்றார் மாமா, உப்பு போடாவிட்டால் கறி சப்பென்று இருக்கும் என்று சொல்வதுபோல. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. மண்மூட்டைகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்படியே மண்ணில் குந்திவிட்டார். "எனக்கு வேறை மாதிரிக் குழி வெட்டத் தெரியாது, அத்தான்," என்றார்.

யாரும் அவரை ஏசவில்லை. அம்மா மட்டும் "ஐயோ கடவுளே, ஐயோ கடவுளே," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில், தமிழ்க் குடும்பத்தின் வளவுக்குள், யாழ்ப்பாணப் பெடியன் ஒருவன் கட்டின பங்கர், பதுங்குகுழி. நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்திப் பக்கத்து மாடியைப் பார்த்தோம். நாங்கள் நோனா என்று கூப்பிடும் மாடிவீட்டுச் சிங்கள அம்மா பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் மிச்ச உடுப்பை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"கண்டிட்டா," என்றாள் அம்மா. "சொல்லப்போறா. கட்டாயம் சொல்லுவா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்தோம். அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். சாக்குகளைக் கொட்டி, உதறி, அடுப்புக்குள் திணித்து எரித்தாள். எரிந்த சணல் மணம் வீடெல்லாம் சுற்றியது. குற்றிகளை மாமாவும் அப்பாவும் இழுத்து மதிலோரம் போட்டார்கள். குற்றியை எடுக்க எடுக்க மணல் இடிந்தது, கீழே தண்ணீர் ஏறியது. பின்னேரம் பார்த்தால் படி போய்விட்டது, மூடி போய்விட்டது. வளைவு மட்டும் போகவில்லை. மண்நிறத் தண்ணீரோடு அது அப்படியே கிடந்தது. நாளைக்கு நேராக்குவோம் என்றார் அப்பா.

மறுநாள் விடிந்ததும் பேக்கரிப் பாண்காரர் வந்தார். படலையில் மணி அடிக்காமல் உள்ளே வந்து, "ஒழுங்கை முனையில ஆமி ட்ரக் நிக்குது, வீடு வீடாச் செக் பண்ணிக்கொண்டு வாறாங்கள்," என்று சொல்லிவிட்டு, பாணைக் கொடுக்காமலே சைக்கிளை மிதித்தார்.

அன்று அப்பா ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து கிழித்தார். நீல டைல்களைக் குழியின் விளிம்பில், வெறும் மணலில், ஒவ்வொன்றாக அடுக்கினார். சீமெந்து இல்லை, தளம் இல்லை, டைல் மட்டும். "உடுப்பைக் கழட்டு, பிள்ளையளின்ரை உடுப்பைக் கழட்டு!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார், சத்தம் வராமல். பள்ளிக்கூடம் போக வெள்ளைச் சட்டையோடு நின்ற என்னைப் பெற்றிக்கோட்டோடும், தம்பியைக் காற்சட்டையோடும் தண்ணீருக்குள் இறக்கினார். பழைய லொறி டியூப் ஒன்றைத் தந்து பிடிக்கச் சொன்னார். தண்ணீர் குளிர் என்றால் அப்படிக் குளிர். கால் விரலுக்கு அடியில் மணல் கரைந்து கரைந்து போனது.

"சிரியுங்கோ," என்றார். "விளையாடுங்கோ. அச்சாப் பிள்ளையள், சிரியுங்கோ."

நாங்கள் சிரித்தோம். பல் அடித்துக்கொள்ளச் சிரித்தோம். தம்பி அழுதுகொண்டே சிரித்தான்.

ஓர் அதிகாரியும் துவக்கோடு மூன்று பேரும் வந்தார்கள். "மேக்க மொகக்த?" என்றார் அதிகாரி. இது என்ன என்று கேட்கிறார்.

"ஸ்விமிங் பூல், மாத்தயா," என்றார் அப்பா. டைல்களைக் காட்டினார். தன் கையால் வரைந்த படத்தைக் காட்டினார். அதிகாரி படத்தையும் பார்த்தார், வளைவையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். நான் தண்ணீரைக் கையால் அடித்துக் காட்டினேன்.

அப்போது மாடியிலிருந்து ஒரு குரல். நோனா! அவர் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். இந்த மனுசனுக்கு மாதக்கணக்காக நீச்சல் குளப் பைத்தியம், தென்னையை வெட்டிப்போட்டான், அவன் கிளப்புகிற தூசியில் நான் துவைத்த உடுப்பைத் திருப்பித் திருப்பித் துவைக்கிறேன், ஒருக்கால் நீங்களாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்று. அதிகாரி சிரித்தார். துவக்கோடு நின்றவர்களும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், அந்த முறை உண்மையாகவே. காட்டிக்கொடுப்பார் என்று நாங்கள் நடுங்கின மனுசி எங்களைக் காப்பாற்றிவிட்டார். அத்தோடு போயிருப்பார்கள்.

போகும்போது அதிகாரி மதிலோரம் நின்ற மாமாவைக் கண்டார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். மறுபடியும் திரும்பி வளைவைப் பார்த்தார்.

"இதைத் தோண்டியது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்பாவுக்கு யோசிக்க நேரம் இல்லை. "கூலியாட்கள்," என்றார். "மட்டக்குளியில் இருந்து வந்தவர்கள்."

பாதி உண்மைதானே. மாமாவின் பெயரை இந்தக் குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது என்று நினைத்தார். பாவம் மனுசன், காப்பாற்றத்தான் நினைத்தார்.

அதிகாரி மாமாவின் கையைப் பிடித்து மேலாகத் திருப்பினார். சீலைக்கட்டைத் தன் விரலால் விலக்கினார். உடைந்த கொப்புளங்கள். புதுசு, பழசு, சதை தெரிகிறது. சும்மா வீட்டில் இருக்கிற பெடியனுக்கு இது எப்படி வந்தது, இவன் எங்கே என்ன தூக்கிப் பழகினவன் என்று அப்பாவைக் கேட்டார். மாமாவுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா கையில் இருந்த படத்தையே மறுபடியும் நீட்டினார். இப்போது மாற்றிச் சொன்னால் முதல் சொன்னது பொய் என்றாகிவிடும்.

எனக்கு எல்லாம் விளங்கியது. கொழும்புப் பிள்ளை, கடை கண்ணியில் பழகின சிங்களம். கேட்க விளங்கும், அவசரத்துக்குப் பேச வராது. தண்ணீருக்குள் நின்றபடி தமிழில்தான் கத்தினேன். "மாமாதான் தோண்டினவர்! குளத்தை மாமாதான் வெட்டினவர்! கூலியாக்கள் இல்லை, மாமா!"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ளமயா மொனவத கியன்னே?" என்று அப்பாவைக் கேட்டார். பிள்ளை என்ன சொல்கிறாள்?

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே வைப்பது என்று இவ்வளவு காலமாகத் தெரியவில்லை.

"ளமயா பய வெலா, மாத்தயா," என்றார். பிள்ளை பயந்துவிட்டாள், ஐயா.

நான் இன்னும் கத்த வாயைத் திறந்தேன். டியூப் நழுவியது. காலுக்குக் கீழே இருந்த மணல் ஒரேயடியாகப் போனது. உவர்த்தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. கண்ணைத் திறந்தால் மண்நிறம், வேறு ஒன்றும் இல்லை. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. அம்மா அலறியது எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிறகு என் தலைமயிரை யாரோ பிடித்து இழுத்தார்கள். அப்பா, நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாகக் குதித்திருந்தார்.

இருமி இருமிக் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது, மாமா என் பக்கமாக ஓடி வர எத்தனித்த இடத்திலேயே இரண்டு பேர் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு துவக்கு அவருடைய நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தது. அவர் துவக்கைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேலே வந்ததைக் கண்ட பிறகுதான் தலையைத் திருப்பி அவர்களோடு நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் வீடுகளிலும் நடந்ததுதான். அம்மா பொலிஸுக்கும் முகாமுக்கும் அலைந்தாள். மாடிவீட்டு நோனாதான் கூடப் போனார், வெள்ளைச் சேலை கட்டி, குடை பிடித்து, வாசலில் நிற்கிறவர்களை அதட்டி. அம்மா அவரைத் தப்பாக நினைத்ததற்கு ஒருநாளும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அம்மா சாகும்வரை எங்கள் வீட்டுப் பொங்கல் முதலில் மாடிவீட்டுக்குத்தான் போனது.

அப்பா குழியை மூடினார். ஆள் வைக்கவில்லை. வேலையால் வந்து, பொழுது மங்கும்வரை மண்வெட்டியோடு நிற்பார். அவருடைய படம் வரைகிற கைகள் கொப்புளித்து உடைந்தன. அம்மா எண்ணெயோடு போனால் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார். ஒரு முறை, யாரும் இல்லை என்று நினைத்து, உள்ளங்கைகள் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுததை நான் கண்டேன். அன்று அவர் அதிகாரிக்குச் சிங்களத்தில் என்ன பதில் சொன்னார் என்று அம்மா அவசரத்தில் கவனிக்கவில்லை. அது தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

அடுத்த வருடத்து மழைக்கு மாமா விடுபட்டு வந்தார். இன்னும் மெலிந்து, காது ஒன்று சரியாகக் கேளாமல். "எங்கை குழி?" என்றார். "மூடிட்டன்," என்றார் அப்பா. அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கனடாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து போன் எடுத்தால் அப்பா இரண்டு வசனம் கதைப்பார், பிறகு "இந்தா, பிள்ளை கதைக்கப் போறாளாம்," என்று என் கையில் திணித்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். நான் கதைக்கக் கேட்டிருக்க மாட்டேன். மாமா அன்று நடந்ததை எப்போது கேட்கப் போகிறாரோ என்ற பயம் அப்பாவுக்கு. அதோடேயே அவருக்கு எண்பது தாண்டியது. வளவும் போய் இப்போது அங்கே மாடிக் குடியிருப்பு. நீல டைலில் ஒன்றே ஒன்று மிச்சம், சூட்டுச் சட்டி இறக்கி வைக்க என் சமையலறையில் கிடக்கிறது.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஞாயிறு பின்னேரம் மாமா வீடியோவில் வந்தார். அவர்களுக்கு அங்கே காலை. "அத்தானைக் கூப்பிடு, அத்தானுக்குத்தான் காட்ட வேணும்," என்றார். வீட்டுப் பின்பக்கத்தில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார். நிலத்தை வெட்டி, சீமெந்து பூசி, சின்னதாக. டைல் நீலம்.

"பாருங்கோ அத்தான்," என்று போனைச் சுற்றிக் காட்டினார். "நேரா வெட்டியிருக்கு. வளைவில்லை."

அப்பா போனை என்னிடம் தரவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "தம்பி," என்றார். "அண்டைக்குப் பிள்ளை உண்மையைச் சொன்னவள். நான் அதை அவங்களுக்குச் சொல்லேல்லை."

மாமா போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"தெரியும் அத்தான்," என்றார். "ளமயா பய வெலா. அந்தச் சத்தம் காதுக்குள்ளையே நிண்டது. உள்ளுக்கை என்னோடை ஒரு சிங்களப் பெடியன் இருந்தவன். அவனிட்டைக் கேட்டனான், என்ன கருத்தெண்டு."

"அப்ப... அண்டையிலை இருந்தே..."

"ஓம். கன காலம் கோவமாத்தான் இருந்தனான். பொய் சொல்லக் கூடாது." குளத்துக் கரையில் குந்தினார். "பிறகு யோசிச்சன். பிள்ளை பயந்துதானே நிண்டவள். நீங்களும் பயந்துதான் நிண்டனீங்கள். சொன்னது பொய்யில்லைத்தானே, அத்தான்."

அப்பா ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்து, மறுபடியும் போட்டார். அதற்குள் மாமாவுக்குப் பின்னால் அவருடைய பேத்தி ஓடி வந்து, யாரிடமும் கேட்காமல், தொப்பென்று தண்ணீருக்குள் குதித்தாள்.

"ஐயோ, பிடி! பிள்ளையைப் பிடி!" என்று அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். முழங்கால் ஏலாத மனிதர், எப்படி எழும்பினாரோ.

"அவளுக்கு நீந்தத் தெரியும் அத்தான், பயப்படாதேங்கோ, இருங்கோ," என்றார் மாமா.

அப்பா இருக்கவில்லை. போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அந்த நீலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய தலை மேலே வந்ததைக் கண்ட பிறகுதான் உட்கார்ந்தார்.